ஐந்து திருகுகள்

பழுது பார்த்துப் பயன்படுத்துவது தமிழர் வாழ்வில் பழைய வழக்கம். அம்மியும் ஆட்டுக்கல்லும் வழவழத்துப் போனால் கொத்தித் தருபவர் தெருவுக்கு வருவார். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறப் பூச்சுப் போனால் ஈயம் பூசுபவர் வருவார். குடைக்குக் கம்பி மாற்றவும், செருப்புக்கு வார் தைக்கவும், கயிற்றுக் கட்டிலைப் பின்னவும் ஆள்கள் இருந்தனர். பொருள் பழுதடைவது இயல்பு; அதைச் சரிசெய்துகொள்வதும் இயல்பு. இவ்வெண்ணமே அவ்வழக்கத்தின் அடிப்படை. பொருளைச் செய்தவர் ஒருவர், சீர்ப்படுத்துபவர் வேறொருவர். ஆயினும் அப்பொருளின் உட்புறம் இருவருக்கும் தெரிந்ததாகவே இருந்தது.

மடிக்கணினி அவ்வழக்கத்திலிருந்து மெல்ல விலகிய பொருள். தொடக்கக் காலத்து மடிக்கணினிகள் தடித்தும் கனத்தும் இருந்தன. அவற்றின் மின்கலத்தைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். பின்னர் வந்தவை மெலிந்தன. பலவற்றில் மின்கலம் பசையால் ஒட்டப்பட்டது. நினைவகமும், சிலவற்றில் சேமிப்பகமும் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டன. எடை குறைந்தது, பைக்குள் எளிதில் அடங்கியது. இவை உண்மையான நன்மைகளே. ஆனால் ஓர் உறுப்பு கெட்டால் அதனோடு சேர்ந்த நல்ல உறுப்புகளும் பயனற்றுப் போகும் நிலை உருவாயிற்று. உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டில் உண்டான மின்னணுக் கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன் என ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் நான்கில் ஒரு பங்கு கூட முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகவில்லை.

இழந்த குரல்

கழிவு என்னும் சொல் குப்பைமேட்டை நினைவூட்டுகிறது. ஆனால் தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திற்கு அச்சொல்லின் பொருள் வேறு வழியில் விளங்கிற்று.

அக்குடும்பத்தின் தாய், நாகப்பட்டினத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் தம் தந்தையை அருகில் அமர்த்திப் பழங்கதைகளைச் சொல்லச் செய்து, கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து வந்தார். 1977ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கிய இரவு, வீட்டுக் கூரை பறந்தபின் நெல் மூட்டைகளுக்கு இடையில் குழந்தைகளை அமர்த்திக் காத்த செய்தி, குளக்கரைக் கோயிலில் விடிய விடிய நடந்த கூத்து, வயலில் பாடப்பட்ட நடவுப் பாட்டு எல்லாம் அவற்றுள் இருந்தன. பெரியவர் மறைந்தபின் அப்பதிவுகளே குடும்பத்தின் பெருஞ்செல்வம் ஆயின. அவை வீட்டு மடிக்கணினியில் இருந்தன. பழைய கைப்பேசி கொடுக்கப்பட்டுப் புதியது வாங்கப்பட்டுவிட்டது.

ஒரு மழைக்காலத்தில் அம்மடிக்கணினி உயிர் பெற மறுத்தது. தாயும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் அதை எடுத்துக்கொண்டு நேரு பிளேசுக்குச் சென்றனர். தில்லியில் கணினி உறுப்பு எதுவாயினும் கிடைக்கும் சந்தை அது. மாடிப்படியின் அடியில் சிறு மேசை போட்டிருந்த பழுது பார்ப்பவர், உறையைத் திறந்து உருப்பெருக்கியின் கீழ் வெகுநேரம் பார்த்தார். பின்பு ஒரு கருநிறச் சில்லைச் சுட்டிக்காட்டினார்.

"சேமிப்பகம் இதோ இருக்கிறது, அக்கா. ஆனால் பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். பலகை எரிந்துபோயிற்று. உள்ளே இருப்பதெல்லாம் மறைகுறியீட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டும் இந்தப் பலகையைத்தான் நம்பியிருக்கிறது. இதைத் தனியே எடுத்தாலும் எனக்கு ஒன்றும் படிக்க வராது" என்று அவர் இந்தியில் விளக்கினார். பணம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

வீடு திரும்பும் வழியில் தாய் ஒன்றும் பேசவில்லை. கைவிரல் நகத்தளவுச் சில்லுக்குள் தாத்தாவின் குரல் இன்னும் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் வழியில்லை என்னும் எண்ணம் மகளை நெடுநாள் உறுத்தியது.

பெட்டியில் வந்த உறுப்புகள்

அவ்வாண்டு டிசம்பரில், செர்மனியில் பணிபுரியும் தாயின் தம்பி விடுமுறைக்கு வந்தார். அக்காவின் இழப்பை அறிந்திருந்த அவர், வரும்போது ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது ஃபிரேம்வொர்க் என்னும் நிறுவனத்தின் மடிக்கணினி.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிரவ் படேல் என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. எளிதில் கழற்றிச் சரிசெய்யத்தக்க மடிக்கணினியைச் செய்வதே அதன் நோக்கம். முதல் கணினி 2021ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. முழுமையாகக் கோத்த கணினியாகவும், வாங்குபவரே கோத்துக்கொள்ளும் வகையிலும் அது கிடைக்கிறது. மாமா கொண்டுவந்தது இரண்டாம் வகை. அதன் உடலில் திரையும் தாய்ப்பலகையும் மின்கலமும் பொருத்தப்பட்டிருந்தன. நினைவகம் இல்லை, சேமிப்பகம் இல்லை, இயங்குதளமும் இல்லை.

"பாதிக் கணினியைக் கொண்டுவந்திருக்கிறீர்களே, மாமா!" என்றாள் மகள்.

"மீதிப் பாதி நேரு பிளேசில் இருக்கிறது, கண்ணு. நாளைக்குப் போய் வாங்குவோம்" என்றார் அவர்.

அதுவே அக்கணினியின் சிறப்பு. அது ஏற்கும் நினைவகமும் சேமிப்பகமும் எந்தச் சந்தையிலும் கிடைக்கும் பொது அளவின. மறுநாள் அதே மாடிப்படி மேசைக்காரரிடம் வழிகேட்டு, அடுத்த கடையில் 8 ஜிபி நினைவகப் பட்டை இரண்டும், 500 ஜிபி சேமிப்பகப் பட்டை ஒன்றும் வாங்கினர்.

கோக்கும் பணி உணவு மேசையின்மேல் நடந்தது. மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். திருப்புளியைப் பிடித்தவள் மகளே. அத்திருப்புளியும் பெட்டியோடு வந்ததுதான். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நுண்சில்லுகளைக் கெடுக்கக்கூடும் என்பதால், முதலில் ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு வரச் சொன்னார் மாமா.

கணினியைக் கவிழ்த்தால் அடிப்புறத்தில் ஐந்து திருகுகள். அவற்றைத் தளர்த்தினாலும் அவை கழன்று கீழே விழுவதில்லை, அட்டையிலேயே தங்கிவிடுகின்றன. திருகு தொலைந்துபோகும் கவலை இல்லை. பின்பு கணினியை நிமிர்த்தி, விசைப்பலகை உள்ள மேல்தட்டைத் தூக்கினால் அது காந்தப் பிடியிலிருந்து விடுபட்டு எழுகிறது. அதையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் நாடாக் கம்பியை மட்டும் மெல்ல விடுவிக்க வேண்டும்.

உள்ளே ஒவ்வோர் உறுப்பின்மேலும் அதன் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அருகில் ஒரு சதுரக் குறியீடு. கைப்பேசியால் அதைப் படித்தால் அவ்வுறுப்பை மாற்றும் முறை தோன்றும். பழைய மடிக்கணினியின் கரும்பலகையை உருப்பெருக்கியின் கீழ்ப் பார்த்திருந்த மகளுக்கு, இப்போது முதன்முறையாகக் கணினியின் உட்புறத்தைப் படிக்க முடிந்தது.

நினைவகப் பட்டையைச் சற்றுச் சாய்வாகச் செருகி, கீழ்நோக்கி அழுத்தினாள். இருபுறமும் கொளுவிகள் 'டக்' என்று பிடித்துக்கொண்டன. சேமிப்பகம் சூயிங்கம் பட்டை போன்ற சிறு தகடு. அதைச் செருகி, முனையில் ஒரே ஒரு திருகு.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் அருகில் நின்ற தாய்.

"இவ்வளவுதான், அக்கா. பலகை எரிந்தாலும் இந்தத் திருகைக் கழற்றினால் இது தனியே வந்துவிடும். வேறொரு கணினியில் செருகிப் படிக்கலாம்" என்றார் தம்பி.

தாய் அந்தத் திருகையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, பக்கவாட்டில் உள்ள நான்கு பொந்துகளில் சிறு பெட்டிகள் நான்கைத் தள்ளிப் பொருத்தினாள். மின்னேற்றிக்கு ஒன்று, பென் டிரைவுக்கு ஒன்று, வெளித்திரைக்கு ஒன்று, நினைவட்டைக்கு ஒன்று. எது வலப்புறம் வரவேண்டும், எது இடப்புறம் வரவேண்டும் என்பதை வைத்திருப்பவரே முடிவு செய்யலாம், வேண்டும்போது மாற்றலாம்.

மின்னேற்றியை இணைத்துப் பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்தே இருந்தது. ஒரு நிமிடம் கடந்தது. மழைக்காலத்துக் கருந்திரை நினைவுக்கு வர, அவள் கை பொத்தானை நோக்கி மீண்டும் நீண்டது.

"பொறு. புதிய நினைவகத்தோடு பழகிக்கொள்ள முதல்முறை அதற்குச் சற்று நேரம் வேண்டும். இடையில் அணைக்காதே" என்றார் மாமா.

சிறிது நேரத்தில் திரை ஒளிர்ந்தது. இயங்குதளம் எதுவும் இல்லை என்னும் செய்தி அதில் இருந்தது. அச்செய்தியைக் கண்டு மூவரும் மகிழ்ந்தனர்.

எல்லாரும் படிக்கத்தக்க இயங்குதளம்

உறுப்புகள் கூடினால் மட்டும் கணினி வேலை செய்யாது. விசையை அழுத்தினால் எழுத்துத் தோன்றவும், கோப்பைச் சேமிக்கவும், ஒலியை எழுப்பவும் உறுப்புகளை ஒருங்கிணைக்கும் மென்பொருள் வேண்டும். அதுவே இயங்குதளம். மாமா பென் டிரைவில் கொண்டுவந்திருந்தது லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு.

லினக்ஸின் வரலாறு ஒரு மாணவரிடம் தொடங்குகிறது. 1991ஆம் ஆண்டு, பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், தம் கணினிக்கென ஓர் இயங்குதளத்தின் உட்கருவை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. பின்லாந்தில் பெரும்பான்மையோர் பேசுவது பின்னிய மொழி; அவர் வீட்டு மொழியோ சிறுபான்மையோர் பேசும் சுவீடிய மொழி. வீட்டில் ஒரு மொழி, வெளியில் வேறொரு மொழி என்னும் வாழ்வு தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பழக்கமானதே. அவர் தம் நிரல்களை மறைத்து வைக்கவில்லை. எவரும் படிக்கவும் திருத்தவும் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1983ஆம் ஆண்டில், ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்திருந்தார். அத்திட்டத்தின் மென்பொருள்களும் லினக்ஸ் உட்கருவும் இணைந்து முழு இயங்குதளமாக வளர்ந்தன.

கட்டற்ற மென்பொருள் என்பது நான்கு உரிமைகளைத் தருவது. எந்த நோக்கத்திற்கும் அதை இயக்கலாம். அது எவ்வாறு செயல்படுகிறது என்று படிக்கலாம். பிறர்க்குப் படியெடுத்து வழங்கலாம். திருத்தலாம்; திருத்தியதையும் வழங்கலாம். உறுப்பின்மேல் பெயர் எழுதிய கணினிக்கும் இத்தகைய மென்பொருளுக்கும் உள்ள உறவு எளிதில் விளங்கும். இரண்டும் உட்புறத்தைக் காட்ட அஞ்சாதவை.

லினக்ஸ் சிலருக்கு மட்டுமே உரிய அரிய பொருள் அன்று. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பது லினக்ஸ் உட்கருவே. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளும் 2017ஆம் ஆண்டு முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. இந்திய மொழிகளுக்கு ஏற்ற 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளம் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவானது.

பென் டிரைவைச் செருகி, கணினியை இயக்கும்போதே எஃப்12 விசையைத் தட்டினாள் மகள். தோன்றிய பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தாள். உபுண்டு முதலில் நிறுவப்படாமலேயே பென் டிரைவிலிருந்து இயங்கியது. கம்பியில்லா இணையம் கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, தொடுபலகை நகர்த்துகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தாள். அதன் பின்னரே நிறுவும் பொத்தானை அழுத்தினாள். மொழி, விசைப்பலகை ஆகியவற்றைக் கேட்டபின், சேமிப்பகம் முழுவதையும் அழித்து நிறுவலாமா என்று கணினி வினவியது.

'அழித்து' என்னும் சொல்லில் அவள் கை நின்றது. தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"இது நேற்று வாங்கியதுதானே? இதில் அழிய ஒன்றும் இல்லை. ஆனால் இனி எப்போதும் இந்த இடத்தில் இப்படி நின்று பார்" என்றார் தாய்.

அடுத்த வினா, சேமிப்பகத்தை மறைகுறியீட்டால் பூட்டலாமா என்பது. அவளுக்கு அப்பூட்டின்மேல் வெறுப்பு இருந்தது. மாமா மறுத்தார். கணினி திருடு போனால் உள்ளிருப்பவற்றைக் காப்பது அப்பூட்டே. ஆனால் அதன் திறவுகோல் ஒரு பலகையிடம் மட்டும் இல்லாமல் மனிதர் கையிலும் இருக்க வேண்டும் என்றார். ஆகவே பூட்டுவது என்று முடிவாயிற்று. கடவுச்சொற்றொடரைத் தாய் தம் குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் வைத்தார்.

தமிழ் விசைப்பலகை

நிறுவி முடித்தபின் மகள் முதலில் சேர்த்தது தமிழ்99 விசைப்பலகை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்க்குரிய எழுத்துகள் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ஆதலால் 'அம்மா' என எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். ஆங்கில எழுத்துகளால் தமிழை ஒலித்துப் பழகியவளுக்கு, தமிழ் இலக்கணத்தையே அடியாகக் கொண்ட இவ்வமைப்பு தொடக்கத்தில் தடுமாற்றம் தந்தது. இரண்டு வாரத்தில் விரல்கள் இடம் கண்டன.

"குரல் போனது போனதுதான். கதை போகவில்லை, அக்கா. நீ சொல்; அவள் எழுதட்டும்" என்று மாமா புறப்படுமுன் கூறிச் சென்றார். அவ்வாறே இரவு உணவுக்குப்பின் தாய் சொல்ல மகள் எழுதலானாள். 'நடவு', 'களம்', 'மரக்கால்', 'பத்தாயம்' போன்ற சொற்களின் பொருளை அவள் கேட்டாள். சிலவற்றுக்குத் தாயாலும் விடை சொல்ல இயலவில்லை. ஊரில் உள்ள பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்தனர். புயல் இரவின் கதை மட்டும் பெரியம்மா சொல்லும்போது சற்று வேறாக இருந்தது. கூரை பறக்கவில்லை, சுவர்தான் விழுந்தது என்றார் அவர். மகள் இரண்டையும் எழுதி வைத்தாள்.

எழுதியதை ஒரே இடத்தில் அவள் விடவில்லை. கழற்றத்தக்க சேமிப்பகமும் கெடும். அதற்கும் ஆயுள் உண்டு. கணினியில் ஒரு படி, தனி வட்டில் ஒரு படி, செர்மனியில் மாமாவிடம் ஒரு படி என மூன்று படிகள் இருக்கின்றன.

விலையும் மதிப்பும்

இத்தகைய கணினிக்குக் குறைகளும் உண்டு. இதே திறன் கொண்ட மற்ற மடிக்கணினிகள் சில இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். லினக்ஸில் இயங்காத மென்பொருள்களும் உள்ளன. பள்ளியோ அலுவலகமோ அவற்றைக் கேட்டால் மாற்று வழி தேட வேண்டும். சிக்கல் எழும்போது படித்துப் பார்க்கவும் பொறுமை காக்கவும் வேண்டும். எல்லாருக்கும் அந்நேரம் கிடைப்பதில்லை.

ஆயினும் கணக்கை ஓராண்டோடு முடிக்கக் கூடாது. 2021ஆம் ஆண்டு வந்த அக்கணினியின் உடலில், அடுத்த ஆண்டுகளில் வெளியான புதிய தாய்ப்பலகைகளைப் பொருத்த முடிந்தது. திரையும் விசைப்பலகையும் உறையும் அப்படியே தொடர்ந்தன. கழற்றிய பழைய பலகையையும் எறிய வேண்டியதில்லை, தனிக்கணினியாக இயக்கலாம்.

இந்தியாவிலும் இவ்வெண்ணம் வளர்ந்து வருகிறது. 2022ஆம் ஆண்டு சூலையில் மைய அரசின் நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள், தேசிய நுகர்வோர் நாளன்று, அதற்கென ஓர் இணையவாயில் தொடங்கப்பட்டது. உழவுக் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், ஊர்திகள் ஆகியவை அதில் இடம்பெற்றன. உறுப்பும் கையேடும் கிடைத்தால் பழுது பார்க்கும் கைகளுக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை. தில்லியின் நேரு பிளேசு, மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவற்றில் நுண்ணிய பற்றவைப்புக் கோலைப் பிடித்திருக்கும் தொழிலாளர் பலர் அம்மி கொத்தியவர்களின் வழிவந்த கலைஞர்களே.

பொருளை வாங்கும்போது அதன் நிறத்தையும் எடையையும் விரைவையும் கேட்பது வழக்கம். இன்னும் மூன்றைக் கேட்கலாம். இதைத் திறக்க முடியுமா? கெட்டால் எந்த உறுப்பு கிடைக்கும்? உள்ளே வைத்ததை வெளியே எடுக்க வழி உண்டா? கேட்பவர் ஒருவராயின் கடைக்காரர் சிரிப்பார். பலராயின் விடையைத் தேடி வைத்துக்கொள்வார்.